அறுபத்தொன்றாம் வரிசை

இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார் ஜோசியர். புதிதாக வருபவர்கள் பார்த்தால் ஏதோ தண்டனை என்று நினைப்பார்கள். மனதுக்குள் அறுபது வரை எண்ணிவிட்டு, கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னத்துக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால்தான் கையுறையை மாட்டுவார். முதல் கூண்டின் மூடியில் விரல் நகத்தால் இரண்டு தட்டு. "வந்துட்டேன்மா" என்று ஒரு வார்த்தை. உள்ளே பஞ்சுக்குள் சுருண்டு கிடக்கும் சுண்டெலி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்த பிறகே மூடி திறக்கும்.

"ஜில்லுனு கையை வெச்சா நமக்கே தூக்கிவாரிப் போடும். அது எவ்ளோ பெரிசு, நம்ம கை எவ்ளோ பெரிசு, யோசிச்சுப் பாருங்க" என்பார். கேட்டவர் யோசிக்கும்வரை விடமாட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையில் அறுபது கூண்டுகள், அறுபது பெண் சுண்டெலிகள். விளக்கு எரிவதும் அணைவதும் கடிகாரக் கணக்கு. தினமும் காலையில் அதே நேரத்துக்கு ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, வாலை மெல்லத் தூக்கி, பிறப்புறுப்பின் வாயில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு, உடனே உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைக்கிறார். பிறகு மைக்ராஸ்கோப். அதில் தெரியும் செல்கள் உருண்டையாக இருந்தால் ஒரு நாள், சருகுபோல் உதிர்ந்து கிடந்தால் மறுநாள், எல்லாம் கலந்து கிடந்தால் அதற்கடுத்தது, பொடிப்பொடியாக இருந்தால் நான்காவது. நான்கைந்து நாளில் சக்கரம் ஒரு சுற்று முடிந்து மறுபடி உருண்டையில் வந்து நிற்கும். பதிவுத் தாளில் கூண்டு எண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரே ஒரு எழுத்து: உ, ச, க, அல்லது பொ. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நீளநீளமான பெயர்கள் உண்டு. அவை இந்த ஆராய்ச்சியை நடத்தும் பெரிய மேடத்தின் பாடு. பத்தொன்பது வருடமாக அறுபது பேருக்கும் 'இன்றைக்கு என்ன நாள்' என்று பார்த்துச் சொல்வதால்தான் இவருக்கு ஜோசியர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

இந்த நாள் எதற்கு என்றால், பெரிய மேடத்தின் ஆராய்ச்சியே அதில்தான் நிற்கிறது. மூளை என்றால் எல்லோரும் நரம்பு செல்களைத்தான் பேசுவார்கள். மேடம் பார்ப்பது அவற்றைச் சுற்றியிருக்கும் கிளையா செல்களை. நரம்புக்குத் தீனி கொடுப்பது, குப்பை அள்ளுவது, இணைப்புகளைக் காவல் காப்பது எல்லாம் இந்தத் துணைச் செல்களின் வேலை. பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதற்கேற்ப, இவற்றில் நட்சத்திரம்போல் இருக்கும் ஒரு வகை தன் கைகளை நீட்டுகிறது, சுருக்குகிறது. குப்பை அள்ளும் வகையோ ஹார்மோன் குறைந்துவிட்டால் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. எல்லாம் சில நாட்களுக்குள் நடந்துவிடுகிற மாற்றம் என்பதால், எந்த எலிக்கு எந்த நாள் என்பதில் ஓர் எழுத்து பிசகினாலும் மேடத்தின் மூன்று மாத வேலை பாழ்.

ஜோசியர் இதையே வேறு மாதிரி சொல்வார். "கல்யாண வீட்ல எல்லாரும் மாப்பிள்ளைய பாப்பாங்க. நாற்காலி போட்டவன், தண்ணி ஊத்துனவன், குப்பை அள்ளுனவன், அவங்க இல்லைன்னா கல்யாணமே நாறிடும். நம்ம மேடம் அந்தக் குப்பை அள்ளுறவங்க கட்சி." இதைச் சொல்லும்போது 'நானும் அந்தக் கட்சிதான்' என்கிற பெருமை முகத்தில் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நியாயமான பெருமைதான்.

வாசனை எலிகளைக் கலவரப்படுத்தும். அதனால் பத்தொன்பது வருடமாக வாசனை சோப்பு கிடையாது, முகப்பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெயும் வாசனையில்லாதது. கல்யாணங்களுக்குக்கூட வெறும் தண்ணீரில் குளித்தவர்போல்தான் வந்து நிற்பார். உரக்கப் பேசமாட்டார், தும்மல் வந்தால் நடைக்கு ஓடிவிடுவார். எலிகளின் முறை முடிந்து அவற்றின் மூளையை எடுக்கும் நாளும் வரும். அந்த வேலை வேறொருவருடையது. ஆனால் கூண்டை மட்டும் இவரேதான் தூக்கிக்கொண்டு போவார். கதவருகே வைத்துவிட்டு, மூடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்றைக்கு மத்தியானம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு வீட்டில் நடந்தது ஏழு மாதம் தெரியவில்லை.

மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ளும் அதே காதுப்பொறி. முந்நூற்றுச் சொச்சம் உள் எண்கள் தலைக்குள் இருந்தன. டாக்டர்கள் "அந்த எக்ஸ்ரே..." என்று ஆரம்பிக்கும்போதே அங்கே மணி அடிக்கும். குரல் அப்படியொரு கணீர். பக்கத்து வீட்டார் பிள்ளைகளின் பிறந்தநாள்வரை இந்த அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். வயது ஐம்பத்தொன்று.

முதலில் ஒருநாள் மனைவி படுக்கையை விட்டு ஜன்னலோரம் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். போர்வையை எடுத்து எறிந்தார். மின்விசிறிச் சண்டை ஆரம்பித்தது. ஜோசியர் தன் மண்டையைக் குடைந்து ஒரு காரணமும் கண்டுபிடித்தார். அந்த வாரம்தான் உறவினர் வீட்டில், "இவளுக்கு போன்ல பேசத்தான் தெரியும், நேர்ல பேசத் தெரியாது" என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அந்தக் கோபம்தான் என்று முடிவு கட்டி, கேட்காமலே பாத்திரம் தேய்த்தார், துணி மடித்தார், ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. "என்ன, எதையாவது உடைச்சுட்டீங்களா?" என்று மனைவி சந்தேகமாகக் கேட்டதுதான் கண்ட பலன்.

ஏழாவது மாதம் ஒரு காலை. இவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன்னால் நிற்கிறார். தண்ணீர் பாட்டில் கழுத்தில் இருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, ரவிக்கையின் முதுகு நனைந்திருக்கிறது.

"அந்த... அது எங்க? தலைக்குப் போடுறது" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"எது?"

"அதான். பல்லு பல்லா இருக்குமே!"

"சீப்பா?"

மனைவி கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. இருந்தது பயம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஜோசியருக்குத் தெரியும். மனைவியின் அக்கா அறுபது வயதில், பெற்ற மகளையே பார்த்து "நீங்க யாரும்மா?" என்று கேட்டவர். அவருக்கு ஆரம்பித்ததும் இப்படித்தான், ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாக.

பஸ்ஸில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. வியர்வை, தூக்கமின்மை, இந்த வயது. ஆராய்ச்சிக்கூட நடையில் தினமும் அவர் கடந்துபோகிற சுவர்ப்படத்தில், ஹார்மோன் இறங்கும் வயது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிற இடம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்களே, அதுதான். அறுபது பேருக்கு நாள் பார்த்தவர் வீட்டில் ஒருத்திக்குப் பார்க்கவில்லை. அன்று பஸ்ஸில் தன்னையே மனதாரத் திட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்.

போய் அவர் செய்தது என்ன? மனைவியிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவருக்கு ஒருவர்மேல் அக்கறை வந்தால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தினமும் பார்ப்பது, பார்த்ததை ஓர் எழுத்தில் எழுதுவது. பதிவுத் தாளில் அறுபது வரிசைக்குக் கீழே கொஞ்சம் காலியிடம் இருந்தது. கை தானாகவே அங்கே போய் 61 என்று போட்டது. வி என்றால் வியர்வை. கொ என்றால் கொட்டக் கொட்ட விழிப்பு. ம என்றால் மறதி. வாரம் முழுக்க எழுதி, வெள்ளிக்கிழமை மேடத்திடம் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரிசையைப் பாக்கெட் நோட்டில் பார்த்தெழுதிக்கொண்டு ரப்பரால் அழித்துவிடுவார். மூன்றாவது வாரம் சி என்று இன்னோர் எழுத்தும் சேர்ந்தது.

இதற்கிடையில் ஒருநாள் ஏதோ எண் தேடி வீட்டிலிருந்த பழைய டெலிபோன் புத்தகத்தைப் புரட்டியபோது, உள்ளே நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. மனைவியின் கையெழுத்து. சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக நான்கு வரி. தேதி மட்டும் போடவில்லை. ஜோசியர் அதை அப்படியே மடித்து அதே பக்கத்தில் வைத்தார். அந்த நாற்காலியும் காதுப்பொறியும் இல்லாமல் அவளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடியாது என்றுதான் தேதி போடாமல் வைத்திருக்கிறாள் என்று பட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் டெலிபோன் புத்தகத்தைத் திறந்து, தேதிக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டினார்.

பதினோராவது வாரம், வெள்ளிக்கிழமை, புதிய எலிகள் வந்து இறங்கின. அந்த அமளியில் ரப்பர் மறந்துபோயிற்று. சாயங்காலம் மேடத்தின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஜோசியரே, அறுபத்தொண்ணாம் கூண்டு எங்க இருக்கு?"

இவர் நின்றார். கை தானாகவே அக்குளுக்குள் போயிற்று.

"நான் போய் எண்ணிப் பாத்துட்டு வந்துட்டேன். அறுபதுதான் இருக்கு. ஆனா இங்க ஒருத்தி இருக்கா. திங்கள் ஏதோ வி. செவ்வாய் கொ. இந்த எலி வியாழக்கிழமை... என்னங்க இது, சி?"

"சிரிச்சுது மேடம்."

"எலி சிரிச்சுதா?"

"அது... வீட்ல இருக்கு மேடம்."

மேடத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்தார். பிறகு, "உக்காருங்க. பழசெல்லாம் அழிச்சுட்டீங்களா?" என்றார். இவர் பாக்கெட் நோட்டை எடுத்து நீட்டி, எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னார்.

மேடம் பதினோரு வாரத்தையும் பார்த்தார். ஜோசியர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஹார்மோன் இறங்கிட்டா அந்தத் துணைச் செல்லுங்க எல்லாம் செத்துப் போயிடுமா மேடம்?"

"சாகாது. வீட்டுக்குத் தண்ணி வர்ற நேரம் திடீர்னு மாறினா என்ன பண்ணுவோம்? கொஞ்ச நாளைக்குக் குடமும் கையுமா அலைவோம். அப்புறம் அந்த நேரத்துக்குப் பழகிப்போம். என் எலிங்க சிலதுல நான் பாக்கறது அந்த மாதிரி. ஆனா எலிக்குச் சொல்றத உங்க வீட்டம்மாவுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவங்க டாக்டரைப் பாக்கணும்." ஒரு பெண் மருத்துவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். பிறகு நோட்டில் விரலை வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். இது ஆராய்ச்சி இல்ல, கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும். இந்த ம எல்லாம் எங்க நிக்குது பாருங்க."

ஜோசியர் குனிந்து பார்த்தார். எழுதியவர் அவர்தான். ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

"நீங்க எழுதறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அதுதான் தப்பு. எலிகிட்ட நம்மால கேக்க முடியாது, அதனால பாத்து எழுதறோம். இவங்ககிட்ட கேக்கலாம்ல?"

சனிக்கிழமை முழுக்கக் கேட்க வாய் வரவில்லை. மூன்று முறை தொண்டையைச் செருமினார், மனைவி சளி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் டெலிபோன் புத்தகத்தைத் திறந்தபோது கடிதத்தில் தேதி இருந்தது. திங்கட்கிழமையின் தேதி.

ஞாயிறு காலை மனைவி சாப்பாட்டு மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜோசியர் எதிரே உட்கார்ந்து நோட்டை நகர்த்தி வைத்தார்.

"என்ன இது?"

"நீ."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். "அறுபத்தொண்ணுன்னா?"

"எலி அறுபது. அதுக்கடுத்து..."

"என்னை எலியோட சேத்தீங்களா? அதுலயும் கடைசியாவா?"

"கூண்டு வரிசைப்படி எழுதணும்ல..." என்று ஆரம்பித்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வாயை மூடத் தெரிவதும் ஒரு படிப்புதான்.

மனைவி எழுத்தெழுத்தாகக் கேட்டார். இவர் சொன்னார். ம என்றால் என்ன என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மனைவி கத்தியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. போன மாசம் ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து அவசரமா பிளட் பேங்க் கேட்டாங்க. நான் சலவைப் பிரிவுக்குப் போட்டுட்டேன். சலவைக்காரர் நல்ல மனுஷன், அவரே ஓடிப்போய்ச் சொல்லிட்டாரு. ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருந்தா? இருபத்திரண்டு வருஷமா விரல் தானா போற நம்பர் அது. அக்கா மாதிரி ஆகறதுக்குள்ள நானே எழுந்து வந்துடணும். நாலு பேர் பரிதாபமா பாக்கறதுக்கு முன்னாடி."

"என்னைக்குன்னு சொல்லு, அது."

"எதுக்கு?"

"சொல்லேன்."

நாள் மனைவிக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஜோசியர் அந்த வாரத்தைப் புரட்டினார். அன்றைக்கு நேரே ம இருந்தது. அன்று மனைவி வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தின நாளும், அதற்கும் முந்தின நாளும் கொ, கொ.

"எல்லா ம-வுக்கும் முன்னாடி பாரு. கொ இருக்கும். தூங்காத ராத்திரிக்கு மறுநாள்தான் மறக்குது. நடுவுல இந்த ரெண்டு வாரத்துல பாரு, ம-வே இல்ல. மழை பேஞ்சுது, நல்லா தூங்குனே. அக்காவுக்கு இப்படியா இருந்துச்சு? அவங்களுக்கு இறங்குச்சு, இறங்கிக்கிட்டே போச்சு. உனக்கு இறங்குது, மறுபடி ஏறிடுது." மூச்சு வாங்கிக்கொண்டார். வருடக்கணக்கில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. "இதுனாலதான்னு நான் சொல்லல. எனக்கு எலியோட நாள்தான் தெரியும். மேடம் ஒரு டாக்டரம்மா நம்பர் குடுத்திருக்காங்க, போய்ப் பாக்கலாம், அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த லெட்டர் வேணாம்மா."

"லெட்டரையும் பாத்துட்டீங்களா?"

"தினமும்."

மனைவி அவரை முறைத்தார். பிறகு நோட்டை இழுத்துவைத்து, ஒவ்வொரு ம-வாக விரல் வைத்துத் தானே சரிபார்த்தார், எண்களோடு வாழ்ந்தவராயிற்றே. பதினான்கு ம. ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு மூன்றாவது வாரத்துக்குத் திரும்பி வந்து, "இந்த சி எதுக்கு? நான் எதுக்குச் சிரிச்சேன்?" என்றார்.

"நான் சட்டையை உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்ல, அன்னைக்கு."

"அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தானே கிளம்புனீங்க?"

ஜோசியர் காய்த்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அடுத்த வாரமும்!" என்றார் மனைவி. இப்போது கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று எழுத எழுத்து இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டெலிபோன் புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்து வந்து நான்காகக் கிழித்தார். காய்த்தோல் கிடந்த தட்டில் போட்டார். "நாளைக்கு அந்த டாக்டரம்மா எத்தனை மணிக்கு இருப்பாங்க?" என்றவர், பதில் வருவதற்குள் சட்டென்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்தது. "வந்துடுச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த நோட்டையே எடுத்து விசிறிக்கொண்டார்.

ஜோசியர் எழுந்து சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம், பனிக்கட்டிகள் பாத்திரத்தில் விழும் சத்தம், குழாய்ச் சத்தம். ஆயுளெல்லாம் கையைச் சூடாக்கியே பழகிய மனிதர், பனித்தண்ணீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை முக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அறுபதுவரை எண்ணினார். ஒன்று கூடுதலாகவும் எண்ணினார். கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். போதும் என்று தோன்றியது. வந்து, மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகுக் கட்டையில் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். மனைவி கண்ணைத் திறக்காமலே, கூந்தலை ஒரு கையால் அள்ளி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்கழுத்தைக் கொஞ்சம் குனிந்து காட்டினார்.